பந்தம் அறுந்தது; வீடு யாருக்கு?

சட்டி பானையைப் பிரித்துக்கொள்ளலாம். கட்டிலையும் பீரோவையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம். மாடு இருந்தால் விற்றுப் பணத்தைப் பங்கு போடலாம்.

வீட்டை எப்படிப் பிரிப்பது?

விவாகரத்து ஆன கணவன், மனைவி இடையே ஆண்டுக்கணக்கில் நீளும் தகராறு இதுதான்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் கேட்டவுடன், "நம் ஊரிலும் இப்படி ஒரு வீடு உண்டே!" என்று தோன்றும்.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கணவன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். மாதம் ஒரு முறை ஊருக்கு வருவான். மனைவி ஊரில் இருக்கிறாள். மாடு வளர்க்கிறாள். பால் ஊற்றுகிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். மாமியாரைக் கவனித்துக்கொள்கிறாள்.

இருவரும் மனை வாங்கினார்கள். கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் ஏறியது. பாங்கிக் கடனிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கணவன் அனுப்பிய பணத்தில் சுவர் எழுந்தது. கூரைக்குக் கான்கிரீட் போடப் பணம் போதவில்லை. அவள் வளையல் அடகுக் கடைக்குப் போனது. புதுச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவளும் அவள்தான்.

பத்து வருடம் கழித்து மனம் கசந்தது. கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது.

"வீடு என் சம்பாத்தியம். நீ கிளம்பு" என்கிறான் அவன்.

"உங்கள் பணம் மட்டுமா இதில் இருக்கிறது? நான் போகமாட்டேன்" என்கிறாள் அவள்.

யார் சொல்வது சரி?

பத்திரம் பேசும்

விவாகரத்துத் தீர்ப்பு திருமணத்தை முடிக்கிறது. கிரயப் பத்திரத்தை அது தானாகத் திருத்துவதில்லை. நேற்று வரை அவர்கள் கணவன், மனைவி. இன்று அவர்கள் ஒரே வீட்டுக்கு இரண்டு பங்குதாரர்கள்.

யாருக்கு எத்தனை பங்கு? பத்திரத்தில் எழுதியிருந்தால் அதன்படி. எழுதாவிட்டால்? அதற்கு 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் வழி சொல்கிறது. பொதுப் பணத்தில் வாங்கியிருந்தால், அந்தப் பணத்தில் அவரவருக்கு இருந்த உரிமைக்கு ஏற்ற பங்கு. தனித்தனியாகப் பணம் போட்டிருந்தால், போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்றே இல்லையா? அப்போதும் சமபங்கு என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆகவே அடகுச் சீட்டு, பாங்கிப் புத்தகம், பால் பணம் வந்த கணக்கு எல்லாம் முக்கியம். பலர் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு வருந்துகிறார்கள்.

பூட்டை மாற்றலாமா?

கூடாது. பங்குதாரரில் ஒருவர் மற்றவரைப் பலவந்தமாக வெளியே தள்ள முடியாது.

தன் பங்கை மட்டும் ஒருவர் விற்கலாம். ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய அன்னியர், உள்ளே வந்து கூடக் குடியிருக்க உரிமை கோர முடியாது. கோர்ட்டில் பாகம்தான் கேட்கலாம். அப்படிப்பட்ட பங்கை நல்ல விலைக்கு வாங்க யார் வருவார்கள்?

பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட்டு முதலில் வீட்டைப் பிரிக்க முடியுமா என்று பார்க்கும். இரண்டு அறை வீட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தால் இருவருக்கும் உதவாது. இதற்காகவே 1893-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. பாதிப் பங்கு உள்ளவர் கேட்டால், வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். வீடு வேண்டும் என்று நினைக்கும் மற்றவர், கோர்ட்டு நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளலாம்.

ஒருவர் பெயரில் இருந்தால்?

சிக்கல் இங்கேதான். பத்திரம் கணவன் பெயரில் மட்டும் இருந்தால், விவாகரத்தின்போது மனைவிக்குப் பாதி வீடு என்று 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சொல்லவில்லை. திருமணத்தை ஒட்டி வந்த, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றித்தான் அது பேசுகிறது.

கோவாவில் கதை வேறு. அங்கே போர்ச்சுக்கீசியர் காலத்துக் குடும்பச் சட்டம் இன்றும் இருக்கிறது. திருமணத்துக்கு முன் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், சொத்து இருவருக்கும் பொது. பிரிந்தால் பாதிக்குப் பாதி.

நம் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் சென்னை ஐகோர்ட்டு ஒரு வழி காட்டியது.

தர்மபுரி மாவட்டம் பிறந்த அதே 1965-ம் ஆண்டில் திருமணமான ஒரு தம்பதியின் வழக்கு அது. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பணத்தில் இங்கே சொத்துகள் வாங்கப்பட்டன. "எல்லாம் என் பணம்" என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். அது விவாகரத்து வழக்கு அல்ல, சொத்து வழக்கு. கணவர் இறந்த பிறகும் வழக்கு நடந்தது.

2023 ஜூன் 21-ந் தேதி நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். வீட்டைக் கவனிக்கும் மனைவிக்கு விடுமுறையே கிடையாது. அவள் குடும்பத்தைத் தாங்கியதால்தான் கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே சொத்து வாங்கியதில் அவளுக்கும் பங்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வழக்கில் இருந்த சில சொத்துகளில் மனைவிக்குச் சமபங்கு கிடைத்தது.

சுவருக்குத் தண்ணீர் ஊற்றிய கைக்கும் கணக்கு உண்டு என்று ஒரு கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் இது அந்த வழக்கின் விவரங்களைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாது. வழக்காடித்தான் பெற வேண்டும். அதற்கு எத்தனை வருடம் ஆகும்! பத்திரத்தில் பெயர் இருந்தால் இந்த அலைச்சல் குறையும்.

முன்பே பேசுங்கள்

பரஸ்பர சம்மதத்தோடு பிரிய 1976 முதல் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படிப் பிரிகிறவர்கள் வீட்டைப் பற்றியும் அப்போதே முடிவு செய்து, கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது. வீடு யாருக்கு? பணம் எவ்வளவு? எந்தத் தேதிக்குள்? மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பங்கை விட்டுக் கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பங்கை விட்டுக் கொடுத்தாலும் கடன் விடாது! கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரைப் பாங்கி விடுவிக்கும் வரை, அவரும் பொறுப்பாளிதான்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் அறியலாம்.

பென்னாகரத்துக் கணவனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ வேண்டியதில்லை. ஒரே ஒரு நாள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் போதும். அவன் அனுப்பிய பணத்தையும் எழுத வேண்டும். அவள் வளையலையும் எழுத வேண்டும்.

அந்த வீட்டில் பிள்ளைகள் படிக்கிறார்கள். கதவில் இரண்டு பூட்டுத் தொங்கினால், தெருவில் நிற்பது அவர்கள்தான்.