எட்டரையா, பன்னிரண்டரையா?

பயணியின் மேசை – தொடர் 9

வெளிநாட்டு உணவகத்தில் ஒயின் பட்டியலை நீட்டியதும் நம் கண் முதலில் தேடுவது, எங்கேயோ கேள்விப்பட்ட ஒரு திராட்சையின் பெயரை. ஷார்டனே, சாவிஞோன் பிளாங்க், ரீஸ்லிங். எப்போதோ ஒரு விருந்தில் குடித்த ரீஸ்லிங் இதமான இனிப்போடு இருந்தது, பிடித்தும் போனது. ஆகவே இங்கேயும் ரீஸ்லிங் என்று சொல்லிவிடுகிறோம். வந்து சேர்வதோ பல் கூசும் புளிப்பு. பணம் போனதுகூடப் பெரிதில்லை, ‘வெள்ளை ஒயின் நமக்குச் சரிப்படாது’ என்ற முடிவோடு பலர் எழுந்துவிடுகிறார்கள். குற்றம் ஒயினுடையதும் அல்ல, நாக்கினுடையதும் அல்ல. திராட்சையின் பெயரை வைத்துச் சுவையைக் கணிக்கப் போனதுதான் கோளாறு. வெள்ளை ஒயினில் சிவப்பு ஒயின் அளவுக்குத் துவர்ப்பு கிடையாது. எனவே அதன் சுவையைப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை, பழத்தின் புளிப்பு, ஆல்கஹாலின் கனம். இந்த மூன்றில் ஒன்றைச் சட்டமே லேபிளில் அச்சிட வைத்திருக்கிறது. மற்ற இரண்டையும் ஊகிக்கப் பல இடங்களில் அந்த ஒன்று போதும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் இல்லை. ஒரே ஆறு, ஒரே பலகைக்கல் சரிவு, பெரும்பாலும் ஒரே திராட்சை. கழுத்து நீண்ட பச்சை பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘வேலனர் சொன்னெனூர்’ என்று இருக்கிறது: வேலன் என்பது ஊர், சொன்னெனூர் என்பது 1842இல் அங்கே பாறையில் கட்டிய சூரியக் கடிகாரத்தால் பெயர் பெற்ற தோட்டம். அடுத்து ரீஸ்லிங், அதன் கீழ் ‘கபினெட்’. மூலையில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், புள்ளிக்குப் பதில் கமா போட்டு ‘8,5%’. பக்கத்திலேயே அதே ஊரின் இன்னொரு ரீஸ்லிங், அதில் 12,5%. இரண்டுக்கும் இடையில் இருப்பது எளிய கணக்கு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாற்றை முழுக்க நொதிக்க விட்டால் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். இனிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதே சாற்றை 9 சதவீதத்தில் குளிரவைத்து நொதிப்பை நிறுத்தினால் லிட்டருக்கு 50 கிராமை நெருங்கும் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். ஆக, எட்டரை என்றால் இனிப்பு, பன்னிரண்டரை என்றால் இனிப்பற்றது. மோசலில் மொழி தெரியாத பயணிகூட இந்தக் கணக்கை நம்பிப் பாட்டிலை எடுக்கலாம்.

எண்ணை விட்டுச் சொற்களை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே லேபிள் சாட்சி. கபினெட், ஷ்பேட்லேசெ, அவுஸ்லேசெ என்று படிப்படியாக ஏறும் பெயர்கள் இனிப்பின் அளவுகோல் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1971இன் ஜெர்மன் ஒயின் சட்டம் அவற்றுக்கு வைத்த அளவுகோல், பறித்த அன்று பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பது. பாட்டிலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அல்ல. அதனால் இனிப்பே இல்லாத ஷ்பேட்லேசெயும் உண்டு; அதன் லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்று சேர்த்திருக்கும். அந்தச் சொல்லுக்கு வரையறை கறாரானது: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை, புளிப்பு அதற்கு ஈடுகொடுத்தால் 9 கிராம் வரை. ‘ஹால்ப்ட்ரோக்கன்’ என்றால் அதிகபட்சம் 18 கிராம். ‘ஃபைன்ஹெர்ப்’ என்ற சொல்லுக்கோ சட்ட வரம்பே இல்லை. ஓரளவு இனிப்பு இருக்கும் என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் பெற முடியாது. எல்லை தாண்டி பிரான்சின் அல்சாஸுக்குப் போனால் நிலைமை நெடுங்காலம் இதைவிட மோசமாக இருந்தது. ஒரே தெருவில் இரண்டு தயாரிப்பாளர்களின் ரீஸ்லிங்கில் எது இனிப்பு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். 2021 அறுவடையிலிருந்துதான் அங்கே இனிப்பின் நிலையை லேபிளில் சொல்வது கட்டாயமானது: ‘செக்’, ‘தெமி செக்’, ‘முவலெ’, ‘தூ’ என்று இனிப்பு ஏறுமுகமாகப் போகும். ஷாம்பெய்ன் பக்கம் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ‘மிகவும் இனிப்பற்றது’ என்று பொருள்படும் ‘எக்ஸ்ட்ரா டிரை’, ‘ப்ரூட்’ என்று எழுதியிருப்பதைவிட இனிப்பானது. இதற்கு நியாயம் கேட்டுப் பயனில்லை, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இது ரீஸ்லிங்கின் தனிக் குணம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இத்தாலியில் பினோ கிரிஜியோ என்றும் அல்சாஸில் பினோ கிரி என்றும் விற்பது ஒரே திராட்சை. வெனெட்டோ சமவெளியில் அது தண்ணீர்போல் இலகுவாக, இனிப்பின்றி வருகிறது. அல்சாஸில் கனத்த, எண்ணெய்ப் பசையுள்ள, பல வேளை சர்க்கரை மிஞ்சிய ஒயினாகிறது. ஷார்டனேயின் கதை இன்னும் துலக்கமானது. பர்கண்டியின் வடகோடியில் உள்ள ஷாப்லியில் குளிர் அதிகம், பெரும்பாலும் எஃகுத் தொட்டி. விளைவு, பன்னிரண்டரைக்கு அருகில் நிற்கும் கூர்மையான புளிப்பு. கலிஃபோர்னியாவின் வெயில் பள்ளத்தாக்குகளில் அதே திராட்சை நன்றாகக் கனிந்து, அதிலுள்ள மாலிக் அமிலம் பாக்டீரியாவால் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறி, புதிய ஓக் பீப்பாயில் ஊறி, வெண்ணெயும் வனிலாவும் மணக்க 14 சதவீதத்தைத் தொடுகிறது. ‘ஷார்டனே எனக்குப் பிடிக்காது, ஷாப்லி கொடுங்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு என்று பரிசாரகர்கள் சிரிப்பார்கள். ஷாப்லி லேபிளில் பொதுவாகத் திராட்சையின் பெயர் இருக்காது; ஆனால் உள்ளே இருப்பது ஷார்டனேதான். கேட்டவரைக் கேலி செய்வது நியாயமாகத் தோன்றவில்லை. அவர் நாக்கு சரியாகத்தான் பிரித்திருக்கிறது, பெயர்தான் உதவவில்லை.

இவ்வளவு கணக்கு எதற்கு, விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். விவரம் தெரிந்தவரின் நாக்கும் நம் நாக்கும் ஒன்றல்ல என்பதே முதல் சிக்கல். கசப்பை உணர்வதில் மனிதர்கள் பிறவியிலேயே வேறுபடுகிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர் லிண்டா பார்ட்டோஷுக்கின் ஆய்வுகள் காட்டின. சிலருக்கு மெல்லிய கசப்பு, வேறு சிலருக்கு வாயில் வைக்க முடியாததாகிறது. இரண்டாவது சிக்கல், நிபுணர்களின் வர்ணனை. பிரான்சின் போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயின் ஒன்றை மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் வர்ணித்தார்கள். பயிற்சி பெற்ற மூக்கே கண்ணுக்குக் கட்டுப்படும்போது, ‘வெள்ளைப் பூ, ஈரக்கல், பழுத்த பேரிக்காய்’ என்ற வரியை நம்பி நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? விலையும் பெரிய வழிகாட்டி இல்லை. 2008இல் வெளியான ஒரு ஆய்வு, விலையை மறைத்து நடந்த 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி இல்லாதவர்கள் விலை உயர்ந்த ஒயினைக் கூடுதலாக ரசிக்கவில்லை, சற்றுக் குறைவாகவே ரசித்தார்கள். அதற்காகப் பரிசாரகரை ஒதுக்கச் சொல்லவில்லை. ‘நல்லதாக ஒன்று கொடுங்கள்’ என்றால் அவருக்குப் பிடித்தது வரும். ‘புளிப்பு குறைவாக, லேசான இனிப்போடு, பத்து சதவீதத்துக்குள்’ என்றால் நமக்குப் பிடித்தது வர வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஒரு ஏளனம் உண்டு: இனிப்பு ஒயின் தொடக்கக்காரர்களுக்கு, தேர்ந்தவர்கள் இனிப்பற்றதையே குடிப்பார்கள் என்பது. இந்தியப் பயணிகளை மிகவும் கூச வைப்பது இதுதான்; பிடிக்காத புளிப்பை மரியாதைக்காக விழுங்குகிறார்கள். வரலாறு இதற்குத் துணை நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மோசல், ரைன் ஒயின்கள் போர்தோவின் சிறந்த ஒயின்களுக்கு இணையான விலையில் போயின. இன்றைக்கும் உலகின் மிக விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களில் ஜெர்மன் தயாரிப்பாளர் எகோன் முல்லரின் ட்ரோக்கன்பேரென்அவுஸ்லேசெ ஒன்று. பெயரில் ‘ட்ரோக்கன்’ இருந்தாலும் அது தேன்போல் இனிப்பானது. சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால் வாதம் இன்னும் வலுக்கிறது. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் பாரிஸில் ஒரு தமிழ் உணவகத்தில் ஆட்டுக்கறிக் குழம்போடு 14 சதவீத ஷார்டனேயை வைத்தால் எரிச்சல் ஏறும். எட்டரை சதவீதக் கபினெட் அதைத் தணிக்கும். குடிக்கும் அளவிலும் லாபம் உண்டு: 200 மில்லி கிளாஸில் எட்டரை சதவீதம் என்றால் 17 மில்லி ஆல்கஹால், பன்னிரண்டரை என்றால் 25.

இந்தக் கணக்கு தவறும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். போர்தோ பக்கத்துச் சோட்டெர்னில் பூஞ்சை பிடித்து வற்றிய பழத்தைப் பிழிகிறார்கள். சாற்றில் சர்க்கரை அவ்வளவு மிகுதி என்பதால் 14 சதவீதம் வரை நொதித்த பிறகும் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் மிஞ்சும். ஆல்கஹால் சேர்த்து நொதிப்பை நிறுத்தும் மஸ்கட் வகைகளும் அப்படித்தான். லேபிள் எண்ணே அரை சதவீதம் வரை முன்பின் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. பத்துக்கும் பதினொன்றரைக்கும் இடையில் இருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. புளிப்பு வேறு கண்கட்டு வித்தை காட்டும்: லிட்டருக்கு 8 கிராம் அமிலம் உள்ள ரீஸ்லிங்கில் 40 கிராம் சர்க்கரை இருந்தாலும் நாக்கு அதைக் குறைத்தே கணக்கிடும், நன்றாகக் குளிரவைத்தால் இன்னும் குறைவாக. இந்தச் சந்தேகம் வரும்போது ஜெர்மனியில் ஒரு வழி இருக்கிறது. தோட்டத்துக்கே போய் வாங்கினால், பல தயாரிப்பாளர்களின் விலைப்பட்டியலில் ஒவ்வொரு ஒயினுக்கு எதிரிலும் மிச்சச் சர்க்கரையும் புளிப்பும் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று இரண்டு எண்கள் இருக்கும். சர்க்கரைக்கு ‘ரெஸ்ட்சுக்கர்’, புளிப்புக்கு ‘ஸொய்ரெ’. இடம் போதாவிட்டால் முதலெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். பட்டியலில் இல்லாவிட்டால் அந்த இரண்டு சொற்களைக் கேட்டாலே விற்பவர் எண்ணைச் சொல்லிவிடுவார்.