நிறம் ஒன்று, முடிவு வேறு

அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பிணிகளின் சோதனைப் புத்தகத்தில் ஒட்டப்படும் வண்ண அடையாளத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என ஆபத்து கூடக் கூட நிறம் மாறும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் என்றால் சிறப்பு மருத்துவரின் கவனிப்பு தேவை.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். பலனும் ஒன்றாக இருக்குமா?

மஞ்சள் பெற்ற இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் சுங்கை பட்டாணி பட்டணத்தில், சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு அருகில் இருக்கிறார். மற்றவர் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில்; கார் இல்லை, கணவர் உடன் வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். முதலாமவர் மறுநாளே போகலாம். இரண்டாமவர், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று தள்ளிப் போடலாம்.

எத்தனை கடிதங்கள் எழுதப்பட்டன என்று எண்ணினால் இந்த வேறுபாடு தெரியாது. இதற்கு உதவுவதுதான் எதார்த்த மதிப்பீடு. ரே பாவ்சன், நிக் டில்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1997-இல் இதை நூலாக எழுதினர். "திட்டம் பலித்ததா?" என்பதோடு நிற்காமல், யாருக்கு, எந்தச் சூழலில், ஏன் பலித்தது என்று இது கேட்கிறது. சூழல், அது மனத்தில் எழுப்பும் எண்ணம், அதன் விளைவு ஆகிய மூன்றையும் இணைத்து ஆய்வாளர் ஓர் ஊகம் அமைப்பார். பிறகு தாதியரிடமும் தாய்மாரிடமும் பேசி, பதிவேடுகளோடு ஒப்பிட்டு, அதைத் திருத்துவார். அனுப்பி வைக்கும் தாதியின் முடிவையும் இப்படியே ஆராயலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மஞ்சள் ஒட்டப்பட்டால், காரணத்தைக் கேளுங்கள். போக வண்டி இல்லையென்றால் அதையும் தாதியிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தைப் போல அதுவும் அவர் அறிய வேண்டிய செய்திதான்.