முதுமையில் ஒரு வானொலி நிலையம்

பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்னைக் காண வரும்போது பெரும்பாலும் ஒரே குறையையே கூறுகின்றனர். பிள்ளைகள் வளைகுடா நாட்டிலோ சென்னையிலோ இருக்கின்றனர், ஓய்வூதியம் வருகிறது, ஆயினும் தங்களால் எவருக்கும் பயனில்லையே என்ற ஏக்கம் அவர்களை அரிக்கிறது. அத்தகையோருக்கு நான் பரிந்துரைக்கும் பொழுதுபோக்கு, 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி.

வீட்டிலேயே சிறு ஒலிபரப்பி அமைத்து, உரிமம் பெற்ற பிறரோடு உரையாடும் கலை இது. வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் பனைமரங்களுக்குக் குறைவில்லை. இரு பனைகளுக்கிடையே, பக்கத்திற்குச் சுமார் 10 மீட்டராகக் கம்பி கட்டினால், 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வானலை வாங்கி தயார். நம் குரல் வானிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். இடையே கோபுரமும் இல்லை, நிறுவனமும் இல்லை. (இடி மின்னல் வேளையில் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்!)

முதுமையில் இது கைவருமா என ஐயுறுவோர் மார்ஷல் மோரன் அடிகளாரை நினைத்துப் பார்க்கட்டும். 1906-இல் சிக்காகோவில் பிறந்த இந்தச் சேசு சபைக் குரு, பாட்னாவில் கல்விப் பணியாற்றி, 1951-இல் காத்மண்டு அருகே கோதாவரியில் பள்ளி தொடங்கியவர். ஐம்பதைக் கடந்த பின்னரே '9என்1எம்எம்' என்னும் அழைப்புக்குறியோடு நேபாளத்திலிருந்து பேசலானார். மலையேறுவோருக்குத் துணை நின்றார். 1992-இல் இறக்கும்வரை உலகெங்குமுள்ள வானொலி அன்பர்கள் அவர் குரலுக்காகக் காத்திருந்தனர்.

இக்கலை வெறும் அரட்டையன்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, அந்தமானிலிருந்து உலகோடு பேசும் ஆவலில், தம் குழுவினருடன் போர்ட் பிளேர் சென்றிருந்தார். 26-ஆம் நாள் காலை ஆழிப்பேரலை தாக்கியது, தொலைபேசிகள் அடங்கின. அவருடைய கருவி அடங்கவில்லை. தீவிலிருந்தோரின் நலச்செய்திகளை அவர் தாயகத்து உறவினருக்குச் சேர்ப்பித்தார். அதே காலையில் நம் பொம்மையார்பாளையக் கரையும் அலைக்கு இரையானது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயலின்போது மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிகள் ஊமையானதையும் நாம் கண்டோம். அன்று மின்கலத்தில் இயங்கும் இத்தகைய கருவியொன்று ஊருக்கு ஒரு பெரியவரிடம் இருந்திருந்தால்!

உரிமத்திற்கு மத்திய அரசின் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். மேல் வரம்பு இல்லை. அடிப்படை மின்னியலும் விதிமுறைகளுமே பாடம். உயர்நிலை உரிமத்திற்கு மட்டும் மோர்ஸ் தந்திக்குறிகளும் வேண்டும். தேறியவர்க்கு 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அது உலகில் வேறெவருக்கும் இராது.

எனக்குத் தெரிந்த மின்வாரிய ஊழியர் ஒருவர், அறுபத்தெட்டு வயதில் பாடநூலைக் கையிலெடுத்துள்ளார். தந்திக்குறி இல்லாத பிரிவே போதுமே என்றேன். "அதைப் படிக்காமல் விடமாட்டேன், சாமி" என்றார். மாலைச் செபம் முடிந்ததும் திண்ணைப் பலகையில் விரலால் தட்டிக்கொண்டேயிருக்கிறார் என்பது அவருடைய வீட்டம்மாளின் புகார்.