பலகை நழுவாமல் பிடிக்க வேக்குவம் ஃபிக்சர் – நாமே செய்யலாம்



சி.என்.சி. ரவுட்டர் மெஷின் வைத்து பெயர்ப் பலகை, கோலப் பலகை, பூஜை அறைக்கு ஜாலி என்று செய்துவரும் நம் குழு ஒன்றில் சென்ற ஆடி மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். மெஷினில் பெயர்ப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. மூலைக்கு மூலை கிளாம்ப் போட்டால் பிட் வந்து கிளாம்பில் இடிக்கும் என்று, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் போட்டுத்தான் பலகையை மேஜையில் ஒட்டியிருந்தார்கள். அடியில் மரத்தூள் இருந்திருக்கிறது, டேப் சரியாகப் பிடிக்கவில்லை. ஓரம் சீவும்போது பலகை கிளம்பியது. பிட் அதைத் தூக்கி எறிந்ததில், பக்கத்தில் நின்ற உறுப்பினரின் காதை உரசிக்கொண்டு போய் சுவரில் மோதியது. "கண்ணுல பட்டிருந்தா என்னக்கா ஆயிருக்கும்?" என்று அவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்த வாரமே ஒரு விற்பனையாளர் வந்து, மேஜை முழுவதும் வேக்குவம் வைத்துத் தருகிறேன் என்று கொட்டேஷன் கொடுத்தார். குழுவின் ஒரு வருஷக் கடன் தவணையை விட அது அதிகம். "உயிரா பணமா, வாங்கிடுவோம்" என்று பாதிப் பேர். "இன்னொரு கடனா?" என்று மீதிப் பேர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால், முதலில் இந்த வேக்குவம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம், பிறகு முடிவெடுப்போம் என்று சொல்லி உட்கார்ந்தோம்.

இழுப்பது பம்ப் இல்லை

சின்ன வயதில் எவர்சில்வர் டம்ளரை வாயில் வைத்து காற்றை உறிஞ்சினால், டம்ளர் முகத்தோடு ஒட்டிக்கொள்ளுமே, ஞாபகம் இருக்கிறதா? கொதிக்கக் கொதிக்க ரசத்தை மூடி வைத்தால், ஆறின பிறகு தட்டு சில சமயம் கழற்ற வராது. இரண்டும் ஒன்றுதான். உள்ளே காற்று குறைந்துவிடுகிறது, வெளியே உள்ள காற்று அமுக்குகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடையில் எப்போதும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அமுக்குவதால் நமக்குத் தெரிவதில்லை. பலகைக்கு அடியில் இருக்கும் காற்றைப் பம்ப் எடுத்துவிட்டால், மேலே உள்ள காற்று பலகையை மேஜையோடு சேர்த்து அமுக்கிவிடும். பம்பின் வேலை அடியில் காற்றை வெளியேற்றுவது மட்டும்தான்.

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எத்தனை பெரிய பம்ப் வாங்கினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் பிடி கிடைக்காது. ஆகவே பிடியைக் கூட்ட வேண்டுமென்றால் பரப்பைக் கூட்ட வேண்டும், ஒழுக்கை அடைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வேக்குவம் கேஜில் முள் 0-லிருந்து 760 வரை போகும். 760 என்றால் காற்றே இல்லை என்று அர்த்தம். (ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் காற்றின் அழுத்தமே கால் பங்கு குறைவு. அங்கே முள் அவ்வளவு தூரம் போகாது, அது பம்பின் குற்றம் இல்லை.) முள் 380-இல் நின்றால் பாதி வேக்குவம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் அரை கிலோ. 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள பெயர்ப் பலகையில், ஓரத்தில் 1 செ.மீ. விட்டு ரப்பர் போட்டால் உள்ளே 18-க்கு 13, மொத்தம் 234 சதுர செ.மீ. பிடி சுமார் 117 கிலோ! இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தூக்கி மேலே வைத்த மாதிரி.

அதே கேஜ், அதே பம்ப், ஆனால் 4-க்கு 4 செ.மீ. சாவிக்கொத்து அட்டை. ரப்பருக்கு இடம் விட்டால் மிஞ்சுவது 4 சதுர செ.மீ. பிடி 2 கிலோதான். கண்டிப்பாகப் பறக்கும். சின்ன சாமான்களைப் பெரிய பலகையிலேயே வெட்டி, ஆங்காங்கே சின்னப் பாலம் விட்டு, கடைசியில் கையால் உடைத்து எடுப்பதுதான் சரி.

எந்தப் பம்ப்?

வீட்டு வேக்குவம் கிளீனரைப் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதன் மோட்டார் பெரும்பாலும் தான் இழுக்கும் காற்றிலேயே குளிர்கிறது. பலகையால் வாயை அடைத்துவிட்டால் காற்று ஓடாது, மோட்டார் சூடேறிக் கருகும். பிடியும் குறைவு. புளோயர் வகை நிறையக் காற்றை இழுக்கும், ஆனால் ஆழமான வேக்குவம் தராது. அது மேஜை முழுக்கப் பிடிப்பதற்கு. நம் சின்ன ஃபிக்சருக்கு வேண்டியது வேன் பம்ப். மாடு கறக்கும் மெஷினில் இருப்பது பல இடங்களில் இந்த வகைதான். அதுவும் ஏறக்குறைய 380-ஐ ஒட்டித்தான் ஓடும். பால் தொழில் செய்யும் நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டில் சும்மா கிடந்த பழைய பம்பைத்தான் நாங்கள் எடுத்தோம். பம்புக்கு முன்னால் ஃபில்டர் கட்டாயம். மரத்தூள் உள்ளே போனால் வேன் தேய்ந்து போகும்.

ஃபிக்சர் செய்யும் விதம்

அடிப்பலகைக்கு எம்.டி.எஃப். எடுத்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அதன் வழியாகக் காற்று போகும். மேஜை முழுக்க வேக்குவம் வைப்பவர்கள் அந்தக் குணத்தையே பயன்படுத்தி, மேல் தோலைச் சீவிவிட்டு பலகை வழியாகவே இழுக்கிறார்கள். நமக்கு அது ஒழுக்கு. எல்லாப் பக்கமும், வெட்டின பள்ளத்துக்குள்ளும்கூட, இரண்டு கோட்டு சீலரோ பெயிண்டோ அடிக்க வேண்டும். கடையில் ஹைலம் ஷீட் துண்டு கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ரப்பருக்குப் பள்ளத்தை நம் மெஷினிலேயே வெட்டலாம். 6 மி.மீ. ஸ்பாஞ்ச் ரப்பர் கயிறு என்றால் 6 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம். மேலே துருத்தும் 2 மி.மீ. பலகை அமுங்கும்போது உள்ளே போய்விட வேண்டும். பலகை உட்கார வேண்டியது கெட்டியான அடிப்பலகை மேல்தான். ரப்பர் மேல் உட்கார்ந்தால் ஆடும், செதுக்கின ஆழம் இடத்துக்கு இடம் மாறும். பள்ளத்தின் மூலையை வளைவாக விடுங்கள், கயிறு மடங்காமல் படியும். கயிற்றின் இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி ஃபெவிக்விக் போட்டு ஒட்டுங்கள். முக்கால்வாசி ஒழுக்கு இந்த ஒட்டில்தான் வரும்.

ரப்பர் வட்டத்துக்குள் 3 மி.மீ. ஆழத்தில் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டது போல வாய்க்கால் வெட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு நிப்பிளும் ஹோஸும் மாட்டுங்கள். வாய்க்கால் எதற்கு, மொத்தமாகக் குடைந்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். குடைந்தால் மெல்லிய பலகை நடுவில் தொய்ந்துவிடும். கட்டங்கள்தான் அதைத் தாங்குகின்றன.

காற்று மேலிருந்து கீழே அமுக்குகிறது, பிட்டோ பக்கவாட்டில் தள்ளுகிறது. வழவழப்பான பலகை வழுக்கலாம். அதனால் இரண்டு பக்கம் சின்னச் சட்டம் அடித்துவிடுங்கள். அது பலகையின் பாதி உயரம் இருந்தால் போதும், பிட் இடிக்காது. ஒவ்வொரு பலகையையும் அதே இடத்தில் வைக்கவும் அதுவே உதவும்.

கரண்ட் போனால்?

இதை எந்தக் கடைக்காரரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கரண்ட் போனதும் பம்ப் நிற்கும். ஆனால் ஸ்பிண்டில் உடனே நிற்காது, சில நொடி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிடி விட்டால் பழைய கதைதான். கிணற்றுக் குழாயில் தண்ணீர் இறங்காமல் ஃபுட் வால்வு பிடிக்கிறதே, அது போல பம்புக்கும் ஃபிக்சருக்கும் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும், கம்ப்ரஸர் டேங்க் ஒன்றும் வைத்தால் அந்தச் சில நொடிகளைத் தாண்டலாம். காலி கேஸ் சிலிண்டரை டேங்காக மாற்றும் யோசனை வேண்டவே வேண்டாம். கண்ணாடி, மாஸ்க், கொண்டை, சொருகிய முந்தானை, இவையெல்லாம் வேக்குவம் வந்த பிறகும் தொடரட்டும்.

முதல் நாள் முள் 150-ஐத் தாண்டவில்லை. "பம்ப் பழசு, அதான்" என்றார்கள். ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். நிப்பிளில் நுரை உள்ளே போனது. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினோம். ரப்பர் ஒட்டையும் மறுபடி வெட்டி ஒட்டினோம். முள் 370-க்கு வந்தது. பம்பை நிறுத்தி, எத்தனை நொடியில் முள் இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்து சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஒருவர் எண்ணிவிட்டுத்தான் மெஷினைப் போடுகிறார். 300-க்குக் கீழே போனால் வேலையை நிறுத்துவது என்று குழுவிலேயே தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

கொட்டேஷனை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம். ஜாலிக்கு மட்டும் இந்த ஃபிக்சர் உதவவில்லை. ஓட்டை விழ விழ காற்று உள்ளே வந்து பிடி போய்விடுகிறது. அதற்கு இன்னும் கழிவு ஓரத்தில் ஸ்க்ரூ அடித்துத்தான் வெட்டுகிறார்கள்.