ஒரு வால்வா, இரண்டு வால்வா?

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். கையில் மருமகளின் ஆஸ்பத்திரிக் கடிதம். “டிரஸ்ஸர் ஐயா, மொதல்ல ஒரு வால்வு கெட்டுப் போச்சுன்னாங்க. இப்ப ரெண்டுங்கிறாங்க. ஒண்ணை மட்டும் மாத்திட்டு, மத்ததை அப்புறமா பாத்துக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். இந்தக் கேள்வி மனதில் இருந்தும் கேட்காமல், பயத்தால் ஆபரேஷனுக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே பாட்டிக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நம் இருதயத்தில் நான்கு வால்வுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு மாதிரி, இரத்தத்தை முன்னே விடும், பின்னே வர விடாது. நுரையீரலிலிருந்து வரும் நல்ல இரத்தம் முதலில் மைட்ரல் என்ற கதவைத் தாண்ட வேண்டும். பிறகு அயோர்ட்டிக் என்ற கதவைத் தாண்டி உடம்புக்குப் போக வேண்டும். கதவு சரியாகத் திறக்காவிட்டால் சுருக்கம், சரியாக மூடாவிட்டால் கசிவு. இரண்டுமே ஒரே வால்வில் இருப்பதும் உண்டு.

மைட்ரல் ரொம்பச் சுருங்கிப்போனால் அதைத் தாண்டிப் போகும் இரத்தமே குறைவு. குறைந்த இரத்தம் போவதால், அடுத்த கதவான அயோர்ட்டிக் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது முழுதாகத் தெரியாது. வாய்க்காலின் மேல்மடை அடைத்துக் கிடக்கும்போது கீழ்மடையின் கோளாறு யாருக்குத் தெரியும்? மைட்ரலை மட்டும் மாற்றிவிட்டால் இரத்தம் நிறைய வரும். அப்போது அயோர்ட்டிக் தாங்காது. பிறகு மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். ஒரு தடவை ஆறிய நெஞ்சில் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஆபரேஷன் அதனாலேயே கஷ்டம். எக்கோ படத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்து, டாக்டர்கள் முடிவை மாற்றிச் சொல்வது இதற்காகத்தான். ஏமாற்று வேலை அல்ல.

இரண்டு வால்வு என்றால் இருதயத்தை நிறுத்தி வைக்கும் நேரம் கூடுதல், ஆபத்தும் ஒரு வால்வைவிடக் கூடுதல். இதை மறைக்க வேண்டியதில்லை. வலது பக்கத்து டிரைகஸ்பிட் வால்வும் சிலருக்குக் கசியும். கால் வீக்கம், வயிறு உப்புதல் இதனால் வருவதுண்டு. அது பெரும்பாலும் இழுபட்டு விரிந்துதான் இருக்கும். அதை மாற்றாமல், வளையம் வைத்துத் தைத்தே சரி செய்துவிடுவார்கள். மைட்ரல் சுருக்கம் மட்டும் இருந்தால், தொடை நரம்பு வழியாகப் பலூன் விட்டு விரிக்கும் வழியும் உண்டு. 1984-ல் ஜப்பானிய டாக்டர் இனோவே எழுதி வெளியிட்ட முறை. இரண்டு வால்வும் மோசமென்றால் அது போதாது.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது? பாட்டி இதைக் கேட்கவில்லை. ஆனால் நான் சொல்லியாக வேண்டும். அந்த மருமகள் இந்தத் தோட்டத்துப் பெண்தான். பதினொரு வயதில் முழங்கால் வீங்கி, காய்ச்சலோடு என்னிடம் வந்தாள். இரண்டு நாளில் முழங்கால் ஆறி, முழங்கை வீங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வளர்கிற பிள்ளை, விளையாடியிருப்பாள் என்று தைலமும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். ‘இரண்டு மூன்று வாரத்துக்கு முன் தொண்டை வலித்ததா?’ என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தொண்டைக் கிருமி போன பிறகு வருவதுதான் ருமேட்டிக் காய்ச்சல். மூட்டு வலி தானே போய்விடும். இருதயத்தில் விழுந்த தழும்பு போகாது. இருபது வருடம் கழித்து, உதிரிப் பழம் பொறுக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று அவள் திரும்பி வந்தாள். இரவில் தலையணை மூன்று வைத்துத்தான் படுக்க முடிகிறது என்றாள்.

ஆகவே பிள்ளைக்கு மூட்டு விட்டு மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்தால் தைலத்தோடு நிறுத்தாதீர்கள். இருதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ருமேட்டிக் என்று சொல்லிவிட்டால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசியைப் பல வருடங்கள் விடாமல் போட வேண்டும். ஊசி வலிக்கத்தான் செய்யும்.

சரி, என்ன வால்வு வைப்பது? பன்றி அல்லது மாட்டின் திசுவால் செய்தது ஒன்று. கார்பனால் செய்தது இன்னொன்று. திசு வால்வு இளவயதினருக்குச் சீக்கிரம் தேயும். கார்பன் வால்வு தேயாது. ஆனால் அதில் இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். இரண்டில் ஒன்று கார்பன், ஒன்று திசு என்று வைத்தால் மாத்திரையும் தப்பாது, தேய்மானமும் தப்பாது. அதனால்தான் சாதாரணமாக இரண்டையும் ஒரே வகையில் வைப்பார்கள். மருமகளுக்குக் கார்பன். பக்கத்தில் உட்கார்ந்தால் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. ராத்திரியில் சுவர்க் கடிகாரம் என்று நினைத்தேன் என்றார் பாட்டி.

வார்பரினில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். உடம்பு நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் வால்வில் இரத்தக் கட்டி பிடிக்கும். அது மூளைக்குப் போனால் வாதம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடாதீர்கள். கொடுத்த தேதியில் இரத்தம் பார்த்து, ஐ.என்.ஆர். அளவைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். கீரையும் காங்கோங்கும் விலக்கல்ல. ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒன்றுமில்லை என்பதுதான் கூடாது. கடையில் வாங்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்து, சம்சு மூன்றும் ஆகாது. பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே வால்வு ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள். பிள்ளை பெற எண்ணமிருக்கும் பெண்கள் ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வார்பரின் கருவைத் தாக்கக்கூடியது.

வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் உண்டு. சந்தா கணக்கும் வயதும் பொருந்தி, மருத்துவ வாரியம் சான்று தர வேண்டும். வேலையில் அடிபட்டால்தான் சொக்சோ என்று நினைத்துக் கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எக்கோ முடிவு, ஆபரேஷன் கடிதம், சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரைப் பாருங்கள்.