உங்களுக்குத் தெரியுமா? கைநாட்டுக்கும் ஒரு சாட்சி வேண்டும்!

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 14 ஆயிரம் பேருக்கு, ஓர் ஆய்வுத் திட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பலர் பழங்குடிப் பிள்ளைகள். ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள்! 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான், பெற்றவர்களைக் கேட்காததுதான் பெருந்தவறு.

கரியாலூர் போன்ற மலையூர்களில் பிள்ளைகளை விடுதியில் விட்டுப் படிக்கவைக்கும் பெற்றோர் இத்தகைய ஆய்வுகளில் தங்களுக்குள்ள உரிமைகளை அறிந்திருக்க வேண்டும்.

மருந்துச் சோதனைக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, எல்லா விவரத்தையும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி, விளக்கம் முடியும்வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல் உங்களுக்கே உரியது.

சோதனையிலிருந்து பாதியில் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.

சோதனையால் உடல்நலம் கெட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. சோதனையைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.