பழுதுற்ற கொதிகலனும் வெள்ளைப்புலிகளும்

1965ஆம் ஆண்டுப் போரின்போது, ‘விக்ராந்த்’ என்னும் நம் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பினர் பறைசாற்றினர். கப்பலோ அவ்வமயம் பம்பாயின் உலர்துறையில் பழுதுபார்க்கப்பெற்று நின்றது. செய்தி பொய்யே, ஆயினும் போர்க்காலத்தில் கப்பல் கரையேறிக் கிடந்தது மெய். அதன் விமானிகட்கு இதைவிட மனக்குறை வேறென்ன வேண்டும்?

அவ்விமானிகள் 300ஆம் விமான அணியினர். ‘வெள்ளைப்புலிகள்’ என்பது அவ்வணியின் பெயர். 1960 ஜூலை 7ஆம் நாள் பிரிட்டனில் பிராடி என்னும் தளத்தில் அமைக்கப்பெற்ற இவ்வணிக்கு வாய்த்தவை, ஒருவர் மட்டுமே அமர்ந்து செலுத்தும் ‘சீ ஹாக்’ ஜெட் விமானங்கள். கடற்படை விமானத் தளமாகிய ‘ஹன்சா’ 1961 செப்டம்பரில் நம் கோயம்புத்தூரை அடுத்த சூலூரிலேதான் தொடங்கப்பெற்றது என்பதை நம்மவரில் பலர் அறியார். 1964இல் அது கோவாவிலுள்ள டபோலிமுக்குப் பெயர்ந்தது.

1971இல் மீண்டும் போர்மேகம் சூழ்ந்தபோது, விக்ராந்தின் நான்கு கொதிகலன்களுள் ஒன்றில் வெடிப்புக் கண்டிருந்தது. இஃது எத்துணை இடர் என்பதைச் சற்று விளக்க வேண்டும். கப்பலின் மேல்தளம் குறுகியது. நிலத்து விமானம்போல் நெடுந்தூரம் ஓடி எழ அங்கே இடமில்லை. ஆதலின் கவண் கல்லை எறிவதுபோல் விமானத்தை முன்னோக்கி எறியும் நீராவிப்பொறி ஒன்று உண்டு. அத்துடன் கப்பலும் காற்றை எதிர்த்து விரைந்தோட வேண்டும். அவ்வெதிர்க்காற்றே சிறகுகட்குத் துணை. இறங்கும்போதும் அவ்வாறே: தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடமொன்றை விமானத்தின் வாற்கொக்கி பற்றி நிறுத்த வேண்டும். வேகத்துக்கும் நீராவி, எறிபொறிக்கும் நீராவி. அந்நீராவியைத் தரும் கொதிகலனே பழுதுற்றால்? ஏறக்குறைய 25 நாட் வேகத்தில் ஓடவல்ல கப்பலை 16 நாட் அளவிலேயே செலுத்த நேர்ந்தது. இதனைப் போருக்கு அனுப்பலாகாது என்ற கருத்தும் வலுத்திருந்தது.

கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தாவின் முடிவு வேறாயிற்று. கப்பல் ஜூலையில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. குறைந்த வேகத்திலும் விமானங்களை ஏற்றி இறக்கிப் பார்த்தனர். இயலும் எனத் தெளிந்தனர். கிழக்குக் கடற்படையின் பொறுப்பு நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணனிடம் இருந்தது. முன்னர் இதே விக்ராந்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். அதன் வலிமையும் நலிவும் அவர் அறியாதன அல்ல.

விக்ராந்தைத் தேடி ‘காஜி’ என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கி வந்துகொண்டிருந்தது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்தார். கப்பல் விசாகப்பட்டினத்தில் இருப்பதாகப் பகைவர் நம்புமாறு அவ்வூரில் பெரும் அளவில் இறைச்சியும் காய்கறியும் கொள்முதல் செய்யப்பெற்றன. நோயுற்ற தாயின் நலம் வினவி விக்ராந்தின் மாலுமி ஒருவன் அனுப்புவதுபோல் மறைமொழி இல்லாத தந்தியொன்றும் விடுக்கப்பெற்றது. ஊரைவிட்டு வந்து, வீட்டுக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நம்போன்றோர்க்கு இச்சூழ்ச்சியின் நுட்பம் எளிதில் விளங்கும். அத்தகைய தந்தியை யார்தான் ஐயுறுவர்! டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி வெடித்து மூழ்கியது. ‘ராஜ்புத்’ கப்பல் எறிந்த வெடிகளே காரணம் என்பர் நம்மவர்; தன் கண்ணிவெடிகளாலேயே அழிந்தது என்பர் அந்நாட்டினர். அதிலிருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கட்கும் வீடுகள் இருந்தன.

மறுநாள், டிசம்பர் 4, முற்பகலில் எட்டு சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் விமானநிலையத்தின்மீது பாய்ந்தன. பிற்பகலில் சிட்டகாங் துறைமுகமும் விமானநிலையமும் தாக்குண்டன. அடுத்துவந்த நாட்களில் குல்னா, மங்களா முதலிய இடங்கள். துறைமுகங்கள் முடங்கின, கிழக்கு வங்கத்திலிருந்த பாகிஸ்தான் படைக்குக் கடல்வழி உதவி வருவதும், அவர்கள் கடல்வழியே வெளியேறுவதும் அரிதாயின. அணித்தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா தாமே 11 தாக்குதல்களை முன்னின்று நடத்தினார். ஒருமுறை விமான எதிர்ப்புக் குண்டு அவருடைய விமானத்தைப் பழுதாக்கியது. அந்நிலையிலும் தாக்குதலை முடித்தே திரும்பி, கப்பலில் இறங்கினார். அவருக்கும் கப்பல் தலைவர் சுவராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது.

இங்கே ஒன்றை மறைப்பதற்கில்லை. சீ ஹாக் 1971லேயே பழைய விமானம். ஒலியின் வேகத்தை எட்டாதது. பகைவரின் போர்விமானங்களோடு அது வானில் பொருத நேரவில்லை. டாக்காவிலிருந்த அவ்விமானங்களை நம் விமானப்படை முதல் சில நாட்களிலேயே முடக்கிவிட்டது. ஆயினும் தரையிலிருந்து வந்த சுடுதல் மெய்யானது. அதனிடையே சென்று மீண்ட சீ ஹாக் விமானங்களுள் ஒன்றையேனும் பகைவர் வீழ்த்தவில்லை. டிசம்பர் 16இல் டாக்காவில் சரணாகதிப் பத்திரம் கையொப்பமானபோது கிருஷ்ணனும் அங்கிருந்தார்.

விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. பின்னர் மும்பையில் அது காட்சிச்சாலையாக நின்றபோது நம்மவர் பலர் குழந்தைகளுடன் கண்டிருப்பர். அதனை உடைக்கும் பணி 2014இல் தொடங்கியது. வெள்ளைப்புலிகள் அணிக்கு 1983இல் ‘சீ ஹாரியர்’ வந்தது. 2016இல் அதன் இடத்தை மிக்-29கே பெற்றது. கோவா செல்லும் அன்பர்கள் டபோலிம் அருகிலுள்ள கடற்படை விமானக் காட்சிச்சாலையில் ஒரு சீ ஹாக்கை இன்றும் காணலாம்.